அத்தையைக் கடித்த தெள்ளு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய்த் தங்குகிற குடும்பங்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போதே வருவார்கள். அவர்களோடு சமையற்காரர், சீட்டுக்கட்டு, கிராமபோன் பெட்டி எல்லாம் வரும். மற்ற வகையினர் வீட்டில் ஒருவருக்குப் புத்தி கலங்கியதால் வருவார்கள். அவர்களுடைய வீட்டு ஜன்னல்கள் பகலிலும் சாத்தியிருக்கும். எனக்கு எட்டு வயதாக இருந்த வருஷம் நாங்கள் இரண்டாவது வகை. ஆனால் தென்காசியில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் முதல் வகை என்றுதான் சொல்லவேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அழைத்துப்போனது என் அத்தையை. அப்பாவின் ஒரே தங்கை. புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டமும் நஞ்சையும் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு புளியங்குடிக்குப் போனாள். குழந்தை இல்லாமல் திரும்பி வந்தாள். குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து, பிறகு வெளுத்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் போய், ஒருநாள் கண் திறக்கவில்லையாம். செவ்வாப்பு என்றார்கள். செவ்வாப்பில் குழந்தை போவது அந்த நாளில் புதிய செய்தி அல்ல. அதற்காக எந்த வீட்டிலும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

அத்தை மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தெள்ளு என்று நாங்கள் சொல்கிற, துள்ளித் திரியும் பொடிப்பூச்சி கடித்துக் கடித்தே குழந்தை செத்தது என்றாள். தொட்டில் கட்டியிருந்த அறையில் பூச்சி இருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னாள், புருஷனிடம் சொன்னாள், துக்கம் கேட்க வந்தவர்களிடமும் சொன்னாள். பட்டப்பகலில் பாயை வாசலில் போட்டுக் கொளுத்தினாள். அந்த அறையில் படுக்கமாட்டேன் என்று சுவரோரம் நின்றாள். கையையும் காலையும் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். கடைசியில் அவளுடைய புருஷனே வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

பிறகு புளியங்குடியிலிருந்து ஆள் மூலம் சொல் வந்தது. ஒரு மண்டலம் குற்றாலத்து அருவியில் குளிப்பாட்டிப் பாருங்கள், சாரல் முடிவதற்குள் மாமியார் நேரில் வந்து பார்ப்பார், சரியாகியிருந்தால் கையோடு அழைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எங்கள் பையனுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை வந்தவர் முடிக்கவில்லை. முடிக்காமலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. எனக்குக்கூடப் புரிந்தது. வேறு ஒரு பெண் அத்தையின் வீட்டுக்கு வந்துவிடுவாள், அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அதில் என்ன கெடுதல் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பின்னல் போடுவதில் அம்மாவைவிட அத்தைக்குப் பொறுமை அதிகம்.

குற்றாலத்தில் அப்பா பிடித்திருந்த வீடு ஐந்தருவிக்குப் போகிற சாலையில் சற்று உள்ளடங்கி இருந்தது. போன சாரலுக்குப் பிறகு பூட்டிக் கிடந்த வீடு. ஆனால் காலியாக இல்லை. ஓடு விலகிய சந்து வழியாக ஒரு பூனை உள்ளே நுழைந்து, பின்பக்கத்து அறையில் கோணிச்சாக்குக் குவியலில் குட்டி போட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பூனை. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அத்தை குறுக்கே நின்று, "பச்ச உடம்புக்காரி, மதினி. இருந்துட்டுப் போட்டும்" என்றாள். வந்து சேர்ந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை என்பதால், பூனை இருந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. புத்தி கலங்கியவர்களுக்குத் தலையில் எண்ணெய் ஊறவைத்து, அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு தோளையும் இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதற்கென்றே அங்கே ஆட்கள் உண்டு. எண்ணெய் தேய்த்துப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு வாய்த்தவள் கட்டுமஸ்தான ஓர் அம்மாள். அத்தை தானாகவே போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றாள். இருந்தாலும் பிடித்துக்கொள்வதுதான் முறை என்பதால் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"திமிறக் கூடாது தாயி, சொல்லிட்டேன். போன வருசம் ஒருத்தி எங் கையக் கடிச்சே புட்டா" என்று அவள் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"நான் எங்கக்கா திமிறுதேன்? நீங்க வழுக்கிராதிங்க. ஒங்க காலுக்கடியில பாசி கெடக்கு" என்றாள் அத்தை.

கரையேறியதும் அந்த அம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம், "இவுகளுக்குப் பைத்தியம்னு எந்தப் பைத்தியம் சொல்லிச்சு? நான் எத்தன பேரப் பிடிச்சிருக்கேன். என்னைய விழாமப் பிடிச்சவ இவ ஒருத்திதான்" என்றாள்.

"நீங்க பிடிக்குதத மட்டும் பிடிங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காமல் இல்லை. நம்பிக்கை வைத்து ஏமாறப் பயம்.

சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அத்தை பூனையோடு பேசினாள். பிறகு எங்களோடும் பேசினாள். எனக்குப் பின்னல் போட்டாள். அப்பா தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாக வண்டியில் போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய முகம் கொஞ்சம் இளகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை குனிந்து கணுக்காலைத் தேய்த்தாள். தேய்த்துவிட்டு, ரசம் வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாக, "இந்த வீட்ல தெள்ளு இருக்கு, மதினி" என்றாள்.

அப்பா பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அம்மா அழ ஆரம்பித்தாள். அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். அரிப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அப்பாவுக்கு அது அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததால் வந்தது. அம்மாவுக்குச் சாரல் ஈரத்தால் வந்த சேற்றுப்புண். எனக்கு மாம்பழம் தின்ற சூடு என்று சந்தனம் அரைத்துப் பூசினார்கள். ஒரே வீட்டில், ஒரே பாயில், முழங்காலுக்குக் கீழே ஒரேமாதிரிச் சிவந்திருந்த கால்கள். அத்தைக்கு வந்த அரிப்பு மட்டும் மூளையிலிருந்து வந்ததாக ஆயிற்று.

அன்றுமுதல் அருவிக் குளியல் காலையும் மாலையும் என்று ஆக்கப்பட்டது. அத்தையின் நகங்களை அப்பாவே ஒட்ட வெட்டினார். படுக்கும்போது அவள் சொறிந்துகொள்ளாமல் இருக்க, பழைய வேட்டியைக் கிழித்து மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். அம்மா இறுக்கிக் கட்டமாட்டாள். முடிச்சுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "வலிக்கா?" என்று கேட்பாள். "வலிக்கல, மதினி. கடிக்கத்தான் செய்யுது" என்பாள் அத்தை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அப்பாவைச் சம்மதிக்கவைக்க அத்தைக்குப் பல நாள் ஆயிற்று. அவர் எதிரே வரும்போதெல்லாம் அவள் ஒரே கோரிக்கையை வைத்தாள். "அண்ணாச்சி, சலவ வேட்டி ஒண்ணு கட்டிக்கிட்டு அந்தப் பின்னறைக்குள்ள போய் ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல. பூச்சி இல்லன்னா நீங்க சொல்லுத எடத்துக்கெல்லாம் வாரேன். ஏர்வாடிக்கு வான்னாலும் வாரேன்."

ஏர்வாடி என்ற பேரைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. புத்தி கலங்கியவர்களைச் சங்கிலியில் கட்டிப்போடுகிற ஊர் என்று எனக்கே தெரியும். "சரி, இவ ஆசையைத்தான் கெடுப்பானேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு, வெளுத்து வந்த வேட்டியை எடுத்துக் கட்டினார். சாக்குக் குவியல் கிடந்த அறைக்குள் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து நின்றார்.

முழங்காலுக்குக் கீழே வேட்டியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொடி நகர்ந்தது. சில புள்ளிகள் தெறித்தன.

"ஏ ஆத்தா!" என்று அம்மா பின்னால் சாய்ந்தாள்.

அத்தை விரலை எச்சிலில் நனைத்து ஒரு புள்ளியின்மேல் வைத்து எடுத்தாள். நகமில்லாத விரலால் அதைக் கல்தூணில் வைத்து, ஒரு கரண்டிக் காம்பால் அழுத்தினாள். டப்பென்று சத்தம் கேட்டது. "கேட்டீங்களா அண்ணாச்சி? இல்லாத பூச்சிக்குச் சத்தம் வருமா?" என்றாள்.

அப்பா சிரித்தார். குற்றாலம் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அவ்வளவு பூச்சியையும் காலில் வைத்துக்கொண்டு, வேட்டியை உதறவும் தோன்றாமல், "ஏட்டி, இவளுக்கு ஒண்ணுமில்லட்டி! நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமில்ல!" என்று அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டாள். நானும் போய்க் கட்டிக்கொண்டேன்.

அத்தை எங்களை விலக்கிவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கடித்த இடங்கள் வரிசையாக, அடுத்தடுத்துப் பொட்டு வைத்ததுபோலச் சிவந்திருந்தன.

"இதப் பாருங்க. அங்கனயும் இதே வரிசதான். பிள்ள முதுகுல இப்படித்தான் இருந்துது. வயித்துல இப்படித்தான் இருந்துது. செவ்வாப்பு வரிசயாவா வரும்? அந்தத் தொட்டிலுக்குக் கீழ அவுக வீட்டுப் பூன படுத்துக் கெடக்கும். நான் சொன்னேன். யாரும் கேக்கல."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கிணற்றடிக்குப் போய் வேட்டியை அவிழ்த்து வாளியில் முக்கிவிட்டு, வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டை அத்தைதான் ஆண்டாள். தெள்ளை ஒழிப்பதற்கு வெயில் வேண்டும். பாயையும் துணியையும் கல்லில் காயப்போட்டால் பாதி போய்விடும். சாரல் காலத்துக் குற்றாலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் தீயையும் வெந்நீரையும் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றாள். முதலில் சாக்குகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். ஈரச் சாக்கு எரியாமல் புகைந்து எங்கள் எல்லோரையும் இருமவைத்தது. பிறகு காய்ந்த தென்னோலையைப் பின்னறைத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு மூலையில் தீ வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்தாள். ஓலை படபடவென்று ஒருதடவை எரிந்து அடங்கியது. சாம்பலைக் கூட்டி அள்ளி, தரை வெடிப்புகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வெடிப்புக்குள் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தாள். அதன்மேல் வேப்பிலையை அரைத்துக் கலந்த சாணத்தால் மெழுகினாள். உடைந்த பானையில் நெருப்புப் போட்டு நொச்சித்தழையைத் திணித்து அறை அறையாகப் புகை காட்டினாள். அம்மா தண்ணீர் சுமந்தாள். நான் தழை உருவினேன். அத்தை சொன்ன இடத்தில் அப்பா நின்றார்.

பூனைக்கு வைத்தியம் தனி. அதன் கழுத்தைச் சுற்றி வேப்பெண்ணெயை வளையம்போலப் பூசினாள். தண்ணீரில் இறக்கினால் தெள்ளெல்லாம் தலைக்கு ஏறி, காதிலும் கண்ணோரத்திலும் ஒளிந்துகொள்ளுமாம். எண்ணெய் வளையத்தைத் தாண்டி ஏறாதாம். வாலிலிருந்து மெதுவாக வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறக்கினாள். எண்ணெய் தேய்க்கும் அம்மாள் அன்று வந்திருந்தாள். பூனையின் முன்னங்கால்களை அவள் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இந்தச் சாரல்ல வாய்ச்ச முத நோயாளி இதுதான். என்னா திமிறு திமிறுது பாரு!" என்றாள். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். குளித்து முடித்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு பேன்சீப்பால் வாரினாள். ஒவ்வொரு வாருக்கும் சீப்பை வெந்நீர்க் கிண்ணத்தில் முக்கினாள். குட்டிகளைக் குளிப்பாட்டக் கூடாது என்று சீப்பால் மட்டும் வாரினாள். காலையும் மாலையும் இது நடந்தது. கிண்ணத்தில் மிதந்த கறுப்புப் புள்ளிகள் நாளுக்கு நாள் குறைந்தன. எங்கள் கால்களும் ஆறத் தொடங்கின.

அப்போதுதான் மாமியார் சீக்கிரமே வருகிறாள் என்று புளியங்குடியிலிருந்து சொல் வந்தது.

அன்று அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"அவுக வரும்போது இந்த வீட்ல தெள்ளுங்குத பேச்சே இருக்கக் கூடாது" என்றார் அப்பா.

"இருந்ததத்தான சொல்லப்போறேன். எல்லாரும் கண்ணால பாத்தீங்களே."

"நாங்க பாத்தோம்மா. நீ சொல்லுதது நெசம்தான். இங்கன இருந்துது. இங்கன இருந்துதுன்னு நீ சொன்னா, அடுத்த பேச்சு என்ன வரும்? அங்கனயும் இருந்துதுன்னு வரும். பிள்ளைய நாங்களா கொன்னோம்னு அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவாக. பெறகு ஒன்னய யாரு கூட்டிட்டுப் போவா?"

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல போய்ச் சேரு. ஒன் வீடு, ஒன் அடுப்புன்னு ஆனப்பெறகு என்ன வேணாலும் கொளுத்திக்கோ" என்றாள்.

"அப்பம் பூனையையும் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருதேன்" என்றார் அப்பா. "பூன இருந்தாத்தான பூச்சி."

அத்தை இதற்குத்தான் பதறினாள். "ஐயோ, அண்ணாச்சி, பூனைய மட்டும் போக்கிராதிங்க. தரையில இன்னும் முட்ட கெடக்கும். அது பொரிஞ்சு வந்தா மொதல்ல பூன மேலதான் ஏறும். நான் சீவி எடுத்துருவேன். பூன இல்லன்னா அது எங்க போகும்? நம்ம மேலதான் விழும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பூனையை விட்டுப் பிரிய மனமில்லாமல் இவள் சொல்கிறாள், இன்னும் முழுக்கச் சரியாகவில்லையோ, என்று கேட்கிற பார்வை. பூச்சி உண்மை என்று கண்ணால் பார்த்தவர்தான். ஆனாலும் பூனையை ஒழித்தால் பூச்சி பெருகும் என்பதைச் சரியான புத்தியுள்ளவர் சொல்கிற பேச்சாக அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று சாயங்காலமே பூனையும் குட்டிகளும் ஒரு சாக்கில் போடப்பட்டன. அப்பா வண்டி கட்டிக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் போனார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். எல்லை தாண்டிவிட்டால் பூனைக்கு வழி மறந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்பினார்கள். சுங்கச் சாவடியில் சாக்கைத் தடவிப் பார்த்தவன், புகையிலை அல்ல என்று தெரிந்ததும் கையை உதறிக்கொண்டு போகச் சொன்னானாம். "இனி அது சமஸ்தானத்துப் பிரஜை" என்று அப்பா வேடிக்கையாகச் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. குட்டிகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை.

பூனை போனபின் வெந்நீராவது தினமும் ஊற்றுகிறேன் என்றாள் அத்தை. அம்மா அதையும் தடுத்துவிட்டாள். "அவுக எப்ப வந்து நிப்பாகன்னு தெரியாது. நீ வாளியும் வெளக்குமாறுமா நின்னா பாக்கதுக்கு எப்படி இருக்கும்? தலைய வாரிப் பூ வச்சிட்டு உக்காரு." அத்தை தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெழுகிய தரையில் புதுப்பாய் விரிக்கப்பட்டது. எங்கள் கால்களில் மறுபடியும் சிவப்புப் பொட்டுகள் தோன்றின. இந்தத் தடவை யாரும் மாம்பழத்தைக் குறைசொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

மாமியார் ஒரு கூடை எலுமிச்சம்பழமும் ஒரு ஜாடி ஊறுகாயுமாக வில்வண்டியில் வந்து இறங்கினாள். அவளை என் அத்தை மட்டுமல்ல, அப்பாவும் அம்மாவும்கூட அத்தை என்றே கூப்பிட்டார்கள். குழப்பம் வராமல் இருக்க நான் மாமியார் என்றே எழுதுகிறேன். நான் கற்பனை செய்திருந்ததுபோல அவள் கொடுமைக்காரியாகத் தெரியவில்லை. நெட்டையான உருவம். கைம்பெண்களுக்குரிய வெள்ளைப் புடவை. வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தையை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"என்னட்டி, எலும்பும் தோலுமா இருக்க? ஒங்க அண்ணன் அருவித் தண்ணிய மட்டும்தான் குடுத்தாரா, சோறு கீறு போட்டாரா?"

எல்லோரும் தேவைக்கு மேலேயே சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டத்துக் காய்ப்பு எப்படி, பசு கன்று போட்டுவிட்டதா என்று கேட்டாள். மாமியார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அத்தையின் கைகளைக் கவனித்தாள். கைகள் மடியில் அசையாமல் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் மாமியாரின் கை தன் கணுக்காலுக்குப் போயிற்று. பேச்சை நிறுத்தாமலே தேய்த்துக்கொண்டாள். மறுபடியும் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய வெள்ளைப் புடவையின் கீழ்மடிப்பில் மிளகுப்பொடி ஏறுவதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

"என்னமோ சுள்ளுனு குத்துதே" என்றாள் மாமியார்.

"சாரல் ஈரம், அத்தை. வந்தன்னைக்கு எங்களுக்கும் அப்படித்தான் இருந்துது" என்றாள் அம்மா.

"தண்ணி மாறுதுல்லா" என்றார் அப்பா.

மாமியார் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள். அதட்டலாகக் கேட்கவில்லை. கொஞ்சம் பயந்த குரலில்தான் கேட்டாள்.

"நீ சொல்லு. ஒனக்கு ஒண்ணும் கடிக்கலையா?"

அத்தையின் இடது மணிக்கட்டில், கண்ணாடி வளையலுக்குக் கீழே, ஒரு தெள்ளு உட்கார்ந்திருந்தது. நான் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது குனிந்து கடித்தது. கொஞ்சம் நகர்ந்து, அடுத்த இடத்தில் கடித்தது. அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இல்ல அத்த. ஒண்ணும் கடிக்கல."

"ஊருத மாதிரி?"

"இல்ல."

மாமியார் அவளருகே நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அம்மா என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"பிள்ள..." என்று ஆரம்பித்து மாமியார் நிறுத்தினாள்.

"செவ்வாப்புலதான் போச்சு, அத்த" என்றாள் அத்தை.

மாமியாரின் கண்கள் நிறைந்துவிட்டன. அத்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் இம்புட்டுச் சங்கடம் வந்திருக்குமா, தாயி? எனக்கு மட்டும் அது பேரன் இல்லையா?" என்றாள். அழுதுகொண்டே ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாளே நல்ல நாளாக இருந்தது. அப்பா குற்றாலநாதர் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவந்தார். எண்ணெய் தேய்க்கும் அம்மாளுக்கு ஒரு புடவை கொடுக்கப்பட்டது. அவள் அதை வாங்கிக்கொண்டு, அத்தையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். அவள் வேடிக்கையாகப் பேசாமல் போனது அன்று ஒருநாள்தான். அருவியின் மகிமை தென்காசியில் எங்கள் தெருவெல்லாம் பரவியது. அடுத்த சாரலுக்கு இரண்டு குடும்பங்கள் அப்பாவிடம் வந்து எந்த அருவி, என்ன எண்ணெய் என்று விவரம் கேட்டுக்கொண்டு போயின. அப்பா எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

அத்தை வண்டி ஏறும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஏறுவதற்காகக் காலைத் தூக்கியபோது பட்டுப்புடவை சற்று விலகியது. கணுக்காலிலிருந்து ஆடுசதை வரை வரிசை வரிசையாகச் சிவந்து தடித்திருந்தது. என் காலைவிட, அம்மாவின் காலைவிட, அதிகமாகவே கடித்திருந்தது. அவள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமியாருக்குப் பக்கத்தில் கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி சாலைக்கு ஏறி, திருப்பத்தில் மறையும்வரை அந்தக் கைகள் பிரியவில்லை. மாமியார்தான் சொறிந்துகொண்டே போனாள்.

வண்டி மறைந்தபின் நான் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் என் கால்களைச் சொறிந்துகொண்டேன். அத்தை முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குணமானவர்களுக்குத் தெள்ளு கடிப்பது தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னையும் யாராவது அருவிக்கு அடியில் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றால் எனக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அம்மாவிடம் போய், நாளைக்கு என்னையும் பிடிக்கச் சொல்லு என்று கேட்டேன்.